ஏவ்பரிக் கல்வட்டமும் ஒரு வைத்தியரின் குறிப்பேடும்

இங்கிலாந்தில் குடியேறிய நம்மவருள் ஸ்டோன்ஹெஞ்சைப் பார்க்காதவர் குறைவு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டும் இடங்களுள் அதுவும் ஒன்றாகிவிட்டது. அதற்கு வடக்கே ஏறக்குறைய 27 கிலோமீற்றர் தூரத்தில், அதே வில்ட்ஷயர் மாவட்டத்தில், அதனிலும் பன்மடங்கு பெரிய கல்வட்டம் ஒன்று இருப்பதை அறிந்தவர் சிலரே. ஏவ்பரி என்பது அவ்விடத்தின் பெயர். ஸ்டோன்ஹெஞ்சில் 1970களின் பிற்பகுதி முதல் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் கற்களைப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஏவ்பரியிலோ கல்லைத் தொடலாம். அதன் நிழலில் அமர்ந்து கட்டுச்சோறும் உண்ணலாம். கட்டணமும் இல்லை.

ஏவ்பரி ஒரு கிராமம். கிராமத்துக்குப் பக்கத்தில் கல்வட்டம் இருக்கிறது என்று எண்ணிப் போகிறவர் வியப்படைவர். கல்வட்டத்துக்கு உள்ளேயே கிராமத்தின் ஒரு பகுதி இருக்கிறது. பேருந்து ஓடும் தெரு வட்டத்தை ஊடறுத்துச் செல்கிறது. வீடுகளுக்கும் வேலிகளுக்கும் இடையே, மேயும் ஆடுகளுக்கு நடுவே, ஆளுயரத்தை மிஞ்சிய கருஞ்சாம்பல் நிறக் கற்கள் நிற்கின்றன.

இதனை அமைத்த காலம் கி.மு. 2850க்கும் 2200க்கும் இடைப்பட்டது. வெளியே வட்டமான மண் அணை. அதற்கு உள்ளே அகழி. கோட்டைக்கு அகழி வெளியேதான் இருக்கும். இங்கே அது உள்ளே இருப்பதால் பகைவரைத் தடுக்க அமைத்தது அன்று என்பது தெளிவு. 1908ஆம் ஆண்டு தொடங்கி ஹரோல்ட் கிரே என்பவர் அகழியைத் தோண்டிப் பார்த்தபோது, முதலில் அது ஏறக்குறைய 9 மீற்றர் ஆழமாக இருந்தது என்பது தெரியவந்தது. இரும்பு அறியாத மக்கள் மான்கொம்பையே கோடரியாகக் கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கொத்தி, அந்த ஆழத்தைத் தோண்டியிருக்கிறார்கள். அகழியின் உள்விளிம்பில் ஏறக்குறைய 100 கற்கள் வட்டமாக நின்றன. வட்டத்தின் குறுக்களவு 330 மீற்றருக்கு மேல். உலகத்திலுள்ள கல்வட்டங்களுள் இதுவே பெரியது. அதனுள்ளே மேலும் இரண்டு சிறு வட்டங்கள். அணைக்குள் அடங்கிய நிலம் மட்டும் 28 ஏக்கர்.

கற்கள் அயலிலுள்ள குன்றுகளில் தாமாகவே கிடக்கும் மிகக் கடினமான ஒருவகை மணற்கற்கள். ஸ்டோன்ஹெஞ்சில் கல்லைக் கொத்திச் செதுக்கியிருக்கிறார்கள். ஏவ்பரியில் கிடந்த வடிவிலேயே இழுத்துவந்து நாட்டிவிட்டார்கள். ஆகப் பெரியவற்றின் எடை 40 தொன்னுக்கு மேல். எழுத்து அறியாத மக்களாதலால் எதற்காகச் செய்தோம் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை.

வெளிவட்டத்தின் 100 கற்களுள் இன்று நிற்பவை ஏறக்குறைய 30. மற்றவை என்னவாயின என்பதும், அவை நின்ற இடம் நமக்கு எப்படித் தெரியும் என்பதுமே ஏவ்பரியின் கதையில் மனத்தை மிகவும் தொடும் பகுதி. அக்கதையின் நாயகர் ஒரு டொக்டர்.

வில்லியம் ஸ்டக்லி 1687ஆம் ஆண்டு லிங்கன்ஷயரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்று, இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் பயிற்சி பெற்றார். 1720இல் வைத்தியர்களின் அரச கல்லூரியில் அங்கத்துவம் பெற்றார். மண்ணீரலைப் பற்றி அங்கே 1722இல் அவர் நிகழ்த்திய விரிவுரை அடுத்த ஆண்டு படங்களோடு நூலாக வெளிவந்தது. நியூட்டனின் நண்பர். ஆப்பிள் விழுந்ததைக் கண்டு நியூட்டன் சிந்தித்தார் என்ற கதையை, அவர் வாயாலேயே கேட்டதாக எழுதி வைத்தவரும் இவரே. இவருக்குக் கீல்வாதம் உண்டு. அதற்கு மருந்துபோலக் குதிரை மீதேறி நாடெங்கும் சுற்றிப் பழைய இடங்களைப் பார்ப்பது இவருடைய வழக்கமாயிற்று.

ஏவ்பரியை முதலிற் கண்டவர் ஸ்டக்லி அல்லர். 1649ஆம் ஆண்டு சனவரியில் வேட்டைக்குப் போன இடத்தில் ஜோன் ஓப்ரி என்ற இளைஞர் அதைக் கண்டு திகைத்து நின்றார். பின்னர் 1663இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னரையே அழைத்து வந்து காட்டினார். ஆயினும் கல் கல்லாகக் குறித்து வைத்தவர் ஸ்டக்லியே. 1719 முதல் 1724 வரை ஆண்டுதோறும் அங்கு வந்து தங்கினார். அளவுக் கருவியால் அளந்தும், காலடியால் எண்ணியும், ஒவ்வொரு கல்லையும் நிற்கிறது, விழுந்து கிடக்கிறது, இந்த இடத்தில் இருந்தது இப்போது இல்லை என்று பிரித்து எழுதினார். நோயாளியின் படுக்கையருகே நின்று நல்ல வைத்தியர் எடுக்கும் குறிப்பைப் போன்றது அது. அந்த ஐந்தாறு ஆண்டுகளும் நோயாளி அவர் கண்முன்னேயே இறந்துகொண்டிருந்த காலம்.

கிராமத்தார் கற்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லின் அருகே குழி தோண்டி வைக்கோலை நிரப்புவார்கள். கல்லைக் குழிக்குள் சாய்த்துத் தீ மூட்டுவார்கள். கல் நன்றாகச் சூடேறியதும் அதன்மேல் கோடு இழுத்தாற்போலக் குளிர்ந்த நீரை ஊற்றுவார்கள். அந்தக் கோட்டின்மேல் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் கல் பிளந்துவிடும். அந்தக் கற்களால் வீடுகளும் மதில்களும் எழுந்தன. வட்டத்துக்கு உள்ளேயே ஒரு பிரார்த்தனைக் கூடமும் எழுந்தது. உழுவதற்கு நிலமும் கிடைத்தது. இதில் முன்னின்ற டொம் ரொபின்சன் என்பவரை ஸ்டக்லி தம் நூலில் பெயர் சொல்லியே கடிந்திருக்கிறார். திருக்கோணேசுவரத்தை 17ஆம் நூற்றாண்டில் இடித்த பறங்கியர் அதன் கற்களைக் கோட்டைச் சுவருக்குக் கொண்டுபோன கதையை அறிந்த நம்மவர்க்கு, இதைப் படிக்கும்போது மனம் நோகும். ஆனால் ஏவ்பரியில் உடைத்தவர் படையெடுத்து வந்தவர் அல்லர். தலைமுறை தலைமுறையாக அக்கற்களின் நிழலில் பிறந்து வளர்ந்த அவ்வூர் மக்களே. அவர்களுக்கு அது கல், வேறொன்றும் இல்லை.

ஏவ்பரியிலிருந்து தென்கிழக்கே, இரு மருங்கும் கற்கள் நாட்டிய வீதியொன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர் போகிறது. அதன் முடிவில், ஓவர்ட்டன் குன்றின்மேல், ஒன்றனுள் ஒன்றாக இரண்டு கல்வட்டங்கள் இருந்தன. ஸ்டக்லி அவற்றைப் படம் வரைந்தார். 1724ஆம் ஆண்டளவில் நிலத்துக்குரியவர் அவற்றை முழுவதும் அகற்றிவிட்டார். இருநூறு ஆண்டுகளின்பின் அந்த இடம் எதுவென்றே எவருக்கும் தெரியாமற் போயிற்று. 1930இல் மோட் கன்னிங்டன் என்ற அம்மையார் ஸ்டக்லியின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தேடிச் சரியான இடத்தில் தோண்டினார். கற்கள் நின்ற குழிகள் அப்படியே வெளிப்பட்டன. இன்று அங்கே கல் ஒன்றும் இல்லை. நின்ற இடங்களில் சிறு கொங்கிறீற்றுக் கட்டைகள் நாட்டியிருக்கின்றன.

இவ்வளவு நேர்மையாகக் குறித்தவர் நோயை நிர்ணயம் செய்ததில் தவறினார். 1729இல் ஸ்டக்லி கிறிஸ்தவ குருவானார். ஏவ்பரியைப் பற்றிய அவருடைய பெருநூல் 1743இல் வந்தது. அதற்குள் அவர் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. துரூயிதர் என்னும் பழைய குருமார் ஆதி மதத்தைப் போற்றி எழுப்பிய ஆலயம் இது. வட்டத்தினூடே ஒரு பாம்பு ஊர்ந்து செல்வதுபோல முழுமையும் அமைந்திருக்கிறது. கல்வீதிகள் அதன் உடலும் வாலும், ஓவர்ட்டன் குன்றின் வட்டங்கள் அதன் தலை என்று எழுதினார். துரூயிதரைப் பற்றி யூலியஸ் சீசர் எழுதியது கி.மு. முதலாம் நூற்றாண்டில். கற்களை நாட்டியதோ அதற்கு 2000 ஆண்டுகளுக்கு முன்பு. பாம்பின் தலை வட்டமாக இருந்தால் அழகில்லையென்று எண்ணினார் போலும். நூலிலே அச்சிட்ட படத்தில் அந்த வட்டங்களை நீள்வட்டமாக மாற்றிவிட்டார். நோய்க்குத் தக்கபடி குறிப்பேட்டைத் திருத்துவது வைத்தியத்தில் மன்னிக்க முடியாத குற்றம். நற்காலமாக, களத்தில் எழுதிய அவருடைய கைக்குறிப்புகள் அழியவில்லை; ஒக்ஸ்போர்ட் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றிலே அவை வட்டங்களே. கன்னிங்டன் அம்மையார் தோண்டியபோது கண்டதும் வட்டங்களே.

இந்தத் திருத்தத்தால் ஒரு பெருந்தீங்கும் நேர்ந்தது. வட்டத்தின் மேற்குப் புறத்திலிருந்தும் ஒரு கல்வீதி பெக்காம்ப்டன் பக்கமாகச் சென்றது என்று ஸ்டக்லி குறித்திருந்தார். பாம்புக்கு வால் வேண்டும் என்பதற்காக அவர் கட்டிய கற்பனை அது என்று பிற்கால அறிஞர் பலர் தள்ளிவிட்டனர். அங்கே தனித்து நிற்பவை ஆதாம், ஏவாள் என்று மக்கள் அழைக்கும் இரண்டு கற்கள் மட்டுமே. 1999ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அந்த வயலைத் தோண்டினர். புதைந்து கிடந்த கற்களும், உடைத்த கற்கள் நின்ற குழிகளும் வரிசையாக வெளிப்பட்டன. கல்வீதி மெய்யாகவே இருந்தது. கற்பனை செய்தது பாம்பை மட்டுமே.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்டக்லிக்குப் பின் 1829இல் கொட்பிறி ஹிகின்ஸ் என்ற ஆங்கிலேயர், துரூயிதர் இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் குருமாரே என்று பெரிய நூலொன்று எழுதினார். இன்று நம்மவர் கூடும் இடங்களிலும், ஏவ்பரிக் கற்கள் சிவலிங்கங்களே, ஒரு காலத்தில் உலகமெங்கும் நம் சமயம் பரவியிருந்ததற்குச் சான்று இதுவே என்று சொல்வோர் உண்டு. கேட்பதற்கு இனிமைதான். ஆயினும் அது ஸ்டக்லியின் பாம்பைப் போன்றது. அங்கே ஆவுடையாரும் இல்லை, அபிடேகம் செய்த அடையாளமும் இல்லை. பழைய எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, இங்கிலாந்தின் முதல் உழவர் கூட்டம் ஈஜியன் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஐரோப்பா வழியாகப் பரவி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அணையும் அகழியும் அமைத்தது அவர்களுடைய பரம்பரை. கி.மு. 2450க்குப் பின் வேறொரு கூட்டத்தார் வந்து பெருக, பழைய இரத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆகவே இன்றைய ஆங்கிலேயருக்கே ஏவ்பரியைத் தொடங்கிவைத்தவர்களோடு உறவு மிகச் சிறிது. நாம் மட்டும் உரிமை கோரப் புறப்படுவானேன்?

கல் நாட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. போரில் மாண்ட வீரனுக்குக் கல்லைத் தேடிக் காண்பது முதல் நீராட்டி நட்டு வாழ்த்துவது வரையுள்ள துறைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்திக் கூறுகிறது. கண்ணகிக்குக் கல் எடுக்கச் சேரன் இமயம் சென்ற கதையும் நாம் அறிந்ததே. செங்கற்பட்டுப் பகுதியில் சாணூர், குன்னத்தூர் முதலிய இடங்களில் கல்வட்டங்களும் உண்டு. அவை இரும்புக் காலத்தவை. இறந்தோரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றி வைத்தவை. ஏவ்பரிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. அங்கேயும் வயலுக்காகவும் வீதிக்குச் சல்லிக்காகவும் கல்வட்டங்கள் கலைந்து போயின; குறித்து வைக்க ஸ்டக்லிகள் போதவில்லை.

கற்கள் மறைந்ததற்கு உடைப்பு மட்டும் காரணம் அன்று. 14ஆம் நூற்றாண்டளவில் அவ்வூரார் பல கற்களைக் குழி தோண்டிச் சாய்த்து மண்ணால் மூடினர். புறமதத்தாரின் கற்கள் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம் என்பர். 1938இல் அப்படிப் புதைத்த கல்லொன்றை மீண்டும் எடுத்தபோது அதன் அடியில் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடந்தது. அருகே 14ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்து வெள்ளி நாணயங்கள், ஒரு கத்தரிக்கோல், கூர்மையான இரும்புக் கருவியொன்று. கத்தரிக்கோலையும் கருவியையும் கொண்டு இவர் ஊரூராகச் சென்று தொழில் செய்த நாவித வைத்தியராக இருக்கவேண்டும் என்றனர். முடி திருத்துபவரே இரத்தம் இறக்கிக் கட்டியும் கீறிய காலம் அது; நம் ஊர்களிலும் நாவிதரை மருத்துவர் என்றும், அவர் வீட்டுப் பெண்ணை மருத்துவச்சி என்றும் அழைத்த வழக்கம் இருந்ததல்லவா? கல்லைப் புதைக்க உதவி செய்தபோது அது சரிந்து அவரை நசுக்கிவிட்டது என்பது அன்று எல்லாரும் நம்பிய கதை. எலும்புக்கூடு இலண்டன் சத்திரவைத்தியர்களின் அரச கல்லூரிக்குப் போயிற்று. 1941இல் அங்கே குண்டு விழுந்ததும் அழிந்துவிட்டதென்று எண்ணினர். 1990களின் இறுதியில் அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்தது. மறுபடி ஆராய்ந்தபோது கல் நசுக்கியதற்கான முறிவு எதுவும் எலும்பில் இல்லை. வேறு விதமாக இறந்தவரைக் கல்லின் குழியிலே அடக்கம் செய்திருக்கலாம். ஐந்து மணித்துளி எலும்பைப் பார்த்திருந்தால் அறுபது ஆண்டுக் கதை ஒன்று மிஞ்சியிருக்கும்.

அந்தக் கல்லை எடுத்து நிறுத்தியவர் அலெக்சாந்தர் கெயிலர். டண்டி நகரில் தோடம்பழ ஜாம் செய்து பெரும்பொருள் ஈட்டிய குடும்பத்தின் வாரிசு. ஊரின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கி, 1934 முதல் 1939 வரை தோண்டினார். அச்சத்தால் புதைத்த கற்கள் முழுமையாகக் கிடைத்தன. அவற்றைப் பழைய குழிகளிலேயே நிறுத்தினார். இலாபத்துக்காக உடைத்த கற்களை எவராலும் மீட்க முடியவில்லை. அவ்விடங்களில் கொங்கிறீற்றுத் தூண்களை நாட்டினார். ஆனால் வட்டத்துக்குள் இருந்த குடிசைகளும் பட்டிகளும் அவர் கண்ணுக்கு இடையூறாகத் தோன்றின. பலவற்றை இடித்தார். குடியிருந்தோர் சற்றுத் தூரத்தில் ஏவ்பரி டுறஸ்லோவில் கட்டிய வீடுகளுக்குப் பெயர்ந்தனர். கற்கள் வீடு திரும்பின, மக்கள் வீட்டை விட்டுப் போயினர். நம்முள் இடம்பெயர்ந்து வந்தவர்கள் வெற்றுப் புல்வெளியாகக் கிடக்கும் அந்தப் பகுதிகளைக் கடக்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது. 1943இல் கெயிலர் தம் நிலத்தை 12,000 பவுணுக்கு நாஷனல் டிரஸ்ற் அமைப்புக்கு விற்றார். இன்றும் அதைப் பராமரிப்பது அவ்வமைப்பே. 1986இல் ஸ்டோன்ஹெஞ்சும் ஏவ்பரியும் ஒன்றாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

கெயிலருக்கு முன்பே, 1871இல், வீடு கட்டுவதற்கு விற்கவிருந்த நிலத்தை வாங்கி வட்டத்தின் ஒரு பகுதியைக் காத்தவர் பாராளுமன்ற அங்கத்தவரான ஜோன் லபொக். பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் முதற் சட்டம் 1882இல் அவர் முயற்சியால் வந்தது. வங்கி விடுமுறை நாட்களை ஏற்படுத்திய 1871ஆம் ஆண்டுச் சட்டமும் அவருடையதே. வங்கி விடுமுறையன்று ஏவ்பரிக்குப் போகிறவர் அவருக்கு இருமடங்கு நன்றிக் கடன்பட்டவர்.

போகிறவர்கள் முழுநாளை ஒதுக்கிக்கொள்வது நல்லது. இலண்டனிலிருந்து எம்4 நெடுஞ்சாலையில் சுவிண்டன் வரை சென்று தெற்கே திரும்பவேண்டும். சுவிண்டனிலிருந்து பேருந்தும் உண்டு. சேறு மிகுந்த நிலமாதலால் சேலையும் செருப்பும் உதவா. தடித்த சப்பாத்து வேண்டும். வட்டத்தை ஒருமுறை அணையின்மேல் சுற்றி வந்தபின் உள்ளே இறங்கினால் அமைப்பு விளங்கும். வடக்கு வாயிலில், தெருவோரமாக நிற்கும் மிகப் பெரிய கல் ஒருபோதும் விழாத சிலவற்றுள் ஒன்று. கல்வீதியில் ஒரு கல்லின் பக்கத்தில் கையை வைத்துத் தடவினால் வழவழப்பான பள்ளங்கள் தட்டுப்படும். நாட்டுவதற்கு முன்பே கற்கோடரிகளைத் தீட்டியதால் ஏற்பட்டவை அவை. நம் அம்மியின் நடுப்பள்ளத்தைத் தடவுவது போலிருக்கும்.

நடக்க வல்லவர்கள் தெற்கே சில்பரிக் குன்றையும் பார்க்கலாம். கி.மு. 2400ஆம் ஆண்டளவில் மனிதர் கையால் குவித்த குன்று. ஏறுவதற்கு அனுமதி இல்லை. அதற்கு அப்பால் மேற்குக் கென்னற் என்னும் நீண்ட கல்லறை. அது ஏவ்பரியை விடவும் பழையது. குனிந்து உள்ளே போகலாம். அங்கே கிடைத்த எலும்புகளில் மூட்டுவாதத்தின் அடையாளங்கள் உண்டு. ஒரு முதியவரின் கழுத்தருகே கல்லாலான அம்புமுனை கிடந்தது. இந்த வட்டாரத்தில் எலும்புகளைத் தேடிய வைத்தியர் வேறொருவரும் இருந்தார். மார்ல்பரோவைச் சேர்ந்த டொக்டர் டூப் 1678இல் ஓவர்ட்டன் குன்றின் அருகே பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, பொடியாக்கி, அயலாருக்கு மருந்தாகக் கொடுத்தார். அது பலருக்குச் சுகம் தந்ததாகப் பெருமையோடு ஓப்ரிக்குக் கடிதமும் எழுதினார். அவருடைய நோயாளிகளின் குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது வட்டத்தின் கிழக்குப் பாதியில் சிறிது நேரம் நடந்து பார்க்கவேண்டும். போர் மூண்டதால் கெயிலரின் வேலை முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. கிழக்கே பெரும்பாலும் வெறும் புல்தான். 2003ஆம் ஆண்டு நிலத்தைத் தோண்டாமல் கருவிகளால் ஆராய்ந்தபோது குறைந்தது 15 கற்கள் அப்புல்லின் அடியில் படுத்திருப்பது தெரிந்தது. ஸ்டக்லி வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே புதைத்தவையாதலால் அவர் கண்ணிற் படாதவை அவை. அவற்றை இன்னும் எவரும் எடுக்கவில்லை. எடுக்க அவசரப்படவும் இல்லை. ஆடுகள் அவற்றின்மேல் மேய்கின்றன.